காம்பு வெடித்து எரிகிறது, பம்ப் வைத்தாலும் வலிக்கிறது. என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் படிக்கிற மற்ற தாய்மாருக்கும் புரியும். சிசேரியன் ஆகி 18 நாள் ஆன ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வலது காம்பில் வெடிப்பு, இடது காம்பில் எரிச்சல், குழந்தை வாயை வைத்தாலே கண்ணில் தண்ணீர் வருகிறது. காம்புக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று எலக்ட்ரிக் பம்ப் வாங்கினால் அது இன்னும் மோசமாக இருக்கிறது. அம்மா "முதல் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோ" என்கிறார், மாமியார் தேங்காய் எண்ணெய் போடச் சொல்கிறார், தோழி ஒரு க்ரீம் சொல்கிறார், மெடிக்கல் ஷாப்பில் பூஞ்சைக்கான மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். இதில் எது சரி, தாய்ப்பாலை நிறுத்திவிடலாமா என்பது கேள்வி.

நிறுத்த வேண்டாம், பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம். நான் பிரசவ வார்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது பாலூட்டும் தாய்மாருக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். காம்பு வலி என்று வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மருந்தே தேவைப்படுவதில்லை. குழந்தை பிடிக்கிற விதத்தை மாற்றினால் அடுத்த தடவையே வலி பாதியாகக் குறைவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் க்ரீம் ட்யூபைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள்.

முதலில் ஒன்றே ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை குழந்தை குடித்து முடித்து வாயை விட்டவுடன், அந்த நிமிடமே, துடைப்பதற்கு முன்னால் காம்பைப் பாருங்கள். உருண்டையாக, கொஞ்சம் நீண்டு, வாய்க்குள் போகும்போது இருந்த அதே வடிவத்தில் வெளியே வருகிறதா? அப்படியென்றால் பிடிப்பு சரி. புது லிப்ஸ்டிக்கின் முனை மாதிரி ஒரு பக்கம் சாய்வாகச் சீவியது போல வருகிறதா, தட்டையாக நசுங்கி நடுவில் வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறதா? அப்படியென்றால் குழந்தை காம்பை மட்டும்தான் வாயில் வைத்திருக்கிறது, காம்பு உள்ளே நசுங்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் வலது பக்க வெடிப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். பெரும்பாலும் அந்த வெள்ளைக் கோடு விழுகிற இடத்தில்தான் வெடித்திருக்கும்.

ஏன் நசுங்குகிறது என்று புரிந்துகொள்ள உங்கள் வாயே போதும். நாக்கின் நுனியை மேல் அண்ணத்தில் வைத்து, பல்லுக்குப் பின்னாலிருந்து உள்ளே நகர்த்திப் பாருங்கள். முன்னால் எலும்பு, கடினமாக வரி வரியாக இருக்கும். உள்ளே போகப்போக ஒரு இடத்தில் மெத்தென்று ஆகிவிடும். குழந்தையின் வாயிலும் அப்படித்தான். காம்பு அந்த மெத்தென்ற இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் குழந்தை எவ்வளவு நேரம் குடித்தாலும் வலிக்காது. வாயின் முன்பகுதியிலேயே நின்றுவிட்டால், நாக்குக்கும் கடினமான அண்ணத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை அரைபடும். எந்த எண்ணெயைப் போட்டாலும் மறுபடி இரண்டு மணி நேரத்தில் அதே இடம் அரைபடப் போகிறது என்றால் எப்படி ஆறும்?

அம்மா சொல்வதில் ஒரு பாதி உண்மை உண்டு. முதல் வாரத்தில் காம்பு கூச்சமாக இருப்பதும், குழந்தை வாய் வைத்த முதல் அரை நிமிடம் சுருக்கென்று இழுப்பதும் நிறைய பேருக்கு வருவதுதான். அது அரை நிமிடத்தில் அடங்கிவிட வேண்டும். குடித்து முடிக்கிற வரைக்கும் வலிப்பது, கால் விரல்களை மடக்கிக்கொண்டு பல்லைக் கடிப்பது, வெடிப்பது, ரத்தம் கசிவது, அடுத்த தடவை குழந்தை அழும்போதே பயம் வருவது, இதெல்லாம் சரிசெய்ய வேண்டிய விஷயங்கள். 18 நாள் என்பது பொறுத்துக்கொள்ளும் காலத்தைத் தாண்டிவிட்டது.

சரி, பிடிப்பை எப்படி மாற்றுவது? போன வருடம் ஒரு தாயைப் பார்த்தேன், அவரும் சிசேரியன்தான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முதுகுக்கு எந்தத் தாங்கலும் இல்லாமல், குனிந்து காம்பைக் கொண்டுபோய் குழந்தை வாயில் திணித்துக்கொண்டிருந்தார். இரண்டு தோளும் காதுக்குப் பக்கத்தில் ஏறி நின்றன. குழந்தை மல்லாந்து படுத்தபடி கழுத்தை மட்டும் திருப்பிக்கொண்டு குடித்தது. நீங்களே தலையைத் தோள்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பாருங்கள், எவ்வளவு சிரமம் என்று தெரியும். நான் செய்ததெல்லாம் அவரைச் சுவரோரம் நகர்த்தி, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்த்து, குழந்தையை முழுசாக அவர் பக்கம் திருப்பியதுதான். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றைத் தொட வேண்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும்.

அடுத்தது, வாய்க்கு நேராகக் காம்பைக் காட்டாதீர்கள், மூக்குக்கு நேராகக் காட்டுங்கள். மேல் உதட்டில் காம்பு லேசாக உரசினால் குழந்தை தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து வாயைத் திறக்கும். முதல் தடவை சின்னதாகத் திறக்கும், அப்போது வைக்காதீர்கள். கொட்டாவி விடுகிற மாதிரி ஆவென்று திறக்கிற வரை காத்திருங்கள். திறந்த அந்த நொடியில் குழந்தையை உங்களிடம் இழுத்து அணையுங்கள். மார்பைக் குழந்தையிடம் கொண்டு போகக் கூடாது, குழந்தைதான் மார்புக்கு வர வேண்டும். முதலில் தாடை மார்பில் பதிய வேண்டும், கீழ் உதடு காம்பிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். அந்தப் பெண் மூன்று முறை தப்பாக வைத்தார், மூன்று முறையும் எடுத்துவிடச் சொன்னேன். நாலாவது முறை குழந்தை அகலமாகத் திறந்து ஒரு பெரிய வாயாகப் பிடித்தது. அவருடைய தோள் இரண்டும் தானாகக் கீழே இறங்கின. "அக்கா, இப்போ இழுக்குது, ஆனா வலிக்கல" என்றார். அந்த வித்தியாசத்தைத்தான் நீங்களும் தேட வேண்டும். இழுப்பது தெரியும், கிள்ளுவது தெரியாது.

சரியாகப் பிடித்திருந்தால் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேல் உதட்டுப் பக்கம் கொஞ்சம் தெரியும், கீழ்ப்பக்கம் ஏறக்குறைய தெரியாது. கீழ் உதடு வெளியே மடிந்திருக்கும், கன்னம் குழி விழாமல் உப்பலாக இருக்கும், சப்புக் கொட்டும் சத்தமோ 'டக் டக்' சத்தமோ வராது, விழுங்குகிற மெல்லிய சத்தம் மட்டும் கேட்கும். வலித்தால் தொடர விடாதீர்கள். உங்கள் சுண்டு விரலைச் சுத்தமாகக் கழுவி, குழந்தையின் வாயோரத்தில் ஈறுகளுக்கு நடுவே நுழைத்து, காற்றுப் பிடிப்பை விடுவித்த பிறகு எடுங்கள். அப்படியே இழுத்து எடுப்பதாலேயே நிறைய பேருக்குக் காம்பு கிழிகிறது.

உங்களுக்குத் தையல் இருப்பதால் மடியில் போட்டுக் கொடுப்பது கஷ்டமாக இருக்கலாம். ஒருக்களித்துப் படுத்துக் கொடுங்கள், அல்லது குழந்தையை உங்கள் அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் தலையணை மேல் படுக்க வைத்து, கால் பின்பக்கம் போகிற மாதிரி பிடித்துக் கொடுங்கள். இதில் வயிற்றில் பாரம் விழாது, தலை உங்கள் கைக்குள் இருப்பதால் கட்டுப்பாடும் நன்றாகக் கிடைக்கும். இன்னொரு லாபம் உண்டு: பிடிக்கும் கோணம் மாறுவதால், ஏற்கெனவே வெடித்த இடத்தில் அழுத்தம் விழாமல் வேறு இடத்தில் விழும். ஒன்று மட்டும், தலையின் பின்புறத்தைப் பிடித்து அழுத்தாதீர்கள். அழுத்தினால் குழந்தை எதிர்த்துத் தலையைத் தூக்கும். கழுத்தையும் தோளையும் தாங்கினால் போதும்.

பால் கட்டிக்கொண்டு மார்பு பாறை மாதிரி இருந்தால் எவ்வளவு நல்ல குழந்தையாலும் ஆழமாகப் பிடிக்க முடியாது. நன்றாக ஊதிய பலூனைக் கடிக்க முயல்வது போல வழுக்கிவிடும், கடைசியில் காம்பு நுனிதான் மாட்டும். கொடுப்பதற்கு முன்னால் இரண்டு கை விரல் நுனிகளையும் காம்பின் அடியில் வைத்து, நெஞ்சுப் பக்கமாக உள்நோக்கி ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், பிறகு விரலை இடம் மாற்றி இன்னொரு நிமிடம். கருவட்டம் உதடு மாதிரி மெத்தென்று ஆகும். கையாலேயே கொஞ்சம் பாலைப் பீச்சி எடுத்துவிட்டும் வைக்கலாம். கட்டியை உடைக்கிறேன் என்று சீப்பால் சீவுவது, முரட்டுத்தனமாக உருவிவிடுவது, இதெல்லாம் வேண்டாம். அது உள்ளே வீக்கத்தைக் கூட்டும். பால் கொடுத்த பிறகு துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் நல்லது. அப்புறம் மல்லிகைப்பூ. பால் கட்டினால் மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டு என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அது சும்மா இல்லை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அதை மருந்தோடு ஒப்பிட்டே பார்த்து 1988-ல் எழுதியிருக்கிறார்கள், பால் சுரப்பு குறைகிறது என்று. அதனால்தான் எச்சரிக்கிறேன். தொடர்ந்து பால் கொடுக்க விரும்புகிறவர்கள் அதை வைக்க வேண்டாம்.

காம்பு தட்டையாகவோ உள்வாங்கியோ இருந்தாலும் இதே சிக்கல் வரும். அதற்கு நம் பக்கத்து ஊர் மருத்துவர்கள் கண்டுபிடித்த அருமையான வழி ஒன்று உண்டு. கர்நாடகத்தின் தாவணகெரேயைச் சேர்ந்த குழந்தை மருத்துவர்கள் 1993-ல் எழுதியது, இன்று உலகம் முழுக்கப் பயிற்சிகளில் சொல்லித் தருகிறார்கள். 10 மில்லி அல்லது 20 மில்லி புது சிரிஞ்சை எடுத்து, ஊசி மாட்டுகிற நுனிப் பக்கத்தை அறுத்துவிட்டு, தண்டை அறுத்த பக்கம் வழியாக நுழைக்க வேண்டும். வழவழப்பான மறுபக்கத்தைக் காம்பின் மேல் வைத்து, தண்டை மெதுவாக இழுத்து அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் பிடிக்க வேண்டும். குழந்தைக்கு வைப்பதற்குச் சற்று முன்னால் செய்தால் காம்பு வெளியே வந்து நிற்கும். வலிக்கிற அளவுக்கு இழுக்கக் கூடாது, வெடிப்பு இருக்கும் பக்கத்தில் ஆறும் வரை செய்யக் கூடாது. முதல் தடவை நர்ஸ் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் காம்பு நசுங்கியே வருகிறதா? குழந்தை அழும்போது நாக்கைப் பாருங்கள். நாக்கு மேலே எழாமல், நீட்டும்போது நுனி இதய வடிவத்தில் நடுவில் இழுபட்டால், நாக்கின் அடியில் உள்ள சவ்வு குட்டையாக இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நாக்கு ஒட்டியிருக்கிற எல்லாக் குழந்தைக்கும் வெட்டிவிட வேண்டியதில்லை. தாய்க்கு வலி தீராமலும் குழந்தைக்கு எடை ஏறாமலும் இருந்தால், சவ்வைச் சின்னதாக வெட்டிவிடுவார்கள். சில நொடி வேலை.

இப்போது பம்ப் விஷயத்துக்கு வருகிறேன். பம்ப் வலிக்கிறது என்றால் நான் முதலில் பார்ப்பது ஃப்ளாஞ்சை, அதாவது மார்பில் பொருத்துகிற அந்தப் புனலை. பெட்டிக்குள் பெரும்பாலும் 24 மில்லிமீட்டர் அளவு ஒன்று வரும், சிலவற்றில் 28. எல்லாருக்கும் அதே அளவு எப்படிப் பொருந்தும்? இது மார்பின் அளவைப் பற்றியதே இல்லை, காம்பின் குறுக்களவைப் பற்றியது. பெரிய மார்பு உள்ளவருக்குச் சின்னக் காம்பு இருக்கலாம். பால் எடுப்பதற்கு முன்னால் ஒரு ஸ்கேலைக் காம்பின் அடிப்பகுதியில் குறுக்காக வைத்து எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள், கருவட்டத்தைச் சேர்க்காதீர்கள். அந்த அளவிலிருந்து அதற்கு மேல் 3, 4 மில்லிமீட்டர் வரைக்குள் எது வலிக்காமல் பால் வருகிறதோ அதுதான் உங்கள் அளவு. என்னிடம் வருகிற தாய்மாருக்கு அளந்து பார்த்தால் 14, 15, 17 என்று அடிக்கடி வருகிறது. 15 உள்ளவர் 24-ஐ வைத்தால் கருவட்டமும் சேர்ந்து குழாய்க்குள் இழுபடும், வீங்கும், எடுத்த பிறகு காம்பைச் சுற்றி ஒரு வளையம் பதிந்திருக்கும். மாறாகக் குழாய் சிறியதாக இருந்தால் காம்பின் பக்கவாட்டுத் தோல் சுவரில் உரசி உரசிச் சிவந்து, நுனி வெளுத்துப்போகும். பம்ப் ஓடும்போது குழாய்க்குள் கண்ணால் பாருங்கள்: காம்பு மட்டும் நடுவில் தடையில்லாமல் முன்னும் பின்னும் அசைய வேண்டும். பெரிய ஃப்ளாஞ்சுக்குள் போடுகிற சிலிக்கான் வளையங்கள் சின்ன அளவுகளில் தனியாகக் கிடைக்கின்றன, புது பம்ப் வாங்கத் தேவையில்லை.

அடுத்தது இழுவிசை. 'ஃபுல்லில் வைத்தால்தான் சீக்கிரம் வரும்' என்று நினைத்து எல்லாரும் ஏற்றிவிடுகிறார்கள். வலித்தால் பால் சரியாக இறங்காது, உடம்பு அப்படித்தான். வேகமான லேசான இழுப்பில் ஆரம்பித்து, பால் இறங்கத் தொடங்கியதும் மெதுவான இழுப்புக்கு மாற்றி, ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். கொஞ்சம் அசௌகரியம் தெரிந்தவுடன் ஒரு படி இறக்குங்கள். அதுதான் உங்கள் எல்லை. 15, 20 நிமிடம் போதும். மாட்டுவதற்கு முன் குழாயின் உள்பக்கம் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவினால் உரசல் குறையும். மெடிக்கலில் குறைந்த விலைக்குக் கிடைக்கிற, ரப்பர் பந்தை அமுக்கி இழுக்கிற ஹார்ன் மாதிரியான பம்பை மட்டும் வாங்காதீர்கள். அதில் இழுப்பைக் கட்டுப்படுத்த முடியாது, பந்துக்குள் பால் போனால் கழுவவும் முடியாது.

உண்மையில் 18-ம் நாளில், பக்கத்தில் குழந்தை இருக்கும்போது, பம்ப் கட்டாயம் இல்லை. கையால் பீச்சுவதைக் கற்றுக்கொள்ளுங்கள். கருவட்டத்தின் விளிம்புக்குச் சற்று வெளியே கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் எதிரெதிராக வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விட வேண்டும். தோல் மேல் விரல் வழுக்கக் கூடாது, காம்பை இழுக்கக் கூடாது. வெடித்த காம்புக்கு இதைவிட மென்மையான வழி இல்லை. வேலைக்குப் போகிறவர் என்றால், சட்டப்படி முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, 2017 திருத்தத்துக்குப் பிறகு. திரும்பிப் போன பிறகும் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை உண்டு. பம்ப் பழக நிறைய நேரம் இருக்கிறது.

வெடிப்பு ஆற என்ன போடுவது? காரணத்தைச் சரிசெய்த பிறகு இந்தக் கேள்வி சின்னதாகிவிடும். காம்பு வலிக்கான பூச்சுகளைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் கோக்ரேன் அமைப்பு ஒரு அலசல் வெளியிட்டது. எதுவுமே போடாமல் இருப்பதும், சொந்தப் பாலையே தடவுவதும், லானோலினுக்கு (ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கிற மெழுகு போன்ற பூச்சு) குறைந்ததில்லை என்றுதான் வந்தது. எதைப் போட்டாலும் பெரும்பாலோருக்குப் பிரசவமாகி 7 முதல் 10 நாளில் வலி லேசாகிவிடுகிறது என்றும் வந்தது. ஆகவே குடித்து முடித்ததும் இரண்டு சொட்டு பாலைப் பீச்சிக் காம்பில் தடவி விடுங்கள். தோல் வறண்டு இழுத்தால் அதன் மேல் சுத்தமான தேங்காய் எண்ணெயோ லானோலினோ மெல்லியதாக. உங்கள் மாமியார் சொன்னதில் தப்பில்லை. இரண்டையும் அடுத்த முறை துடைத்து எடுக்கத் தேவையில்லை. கம்பளி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு லானோலினாலேயே அரிப்பு வரலாம், அப்படி வந்தால் விட்டுவிடுங்கள்.

செய்யக் கூடாதவற்றைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டுக் கழுவாதீர்கள். கருவட்டத்தில் உள்ள சின்னச் சின்ன மொட்டுகள் சுரக்கிற எண்ணெய்தான் காம்பைப் பாதுகாக்கிறது, சோப்பு அதை எடுத்துவிடும். தினசரிக் குளியலில் படுகிற தண்ணீர் போதும். டெட்டால், ஸ்பிரிட் பக்கமே போக வேண்டாம். மரத்துப்போகச் செய்யும் ஜெல் வேண்டாம், குழந்தையின் வாயும் மரத்துப்போகும். தேன் தடவவே கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தையின் வாயில் தேன் படுவது ஆபத்து. ஈரமான பேடை மணிக்கணக்கில் வைத்திருக்காதீர்கள், நனைந்தவுடன் மாற்றுங்கள். பிளாஸ்டிக் அடுக்கு உள்ள பேடைவிட, பழைய பருத்திப் புடவையைத் துவைத்து மடித்து வைப்பது எவ்வளவோ மேல். துணி காம்பில் ஒட்டிக்கொண்டால் பிடுங்காமல் தண்ணீரில் நனைத்து எடுங்கள்.

கொடுக்கும்போது வலி குறைவான இடது பக்கத்தில் ஆரம்பியுங்கள், முதல் பசியில் குழந்தை வேகமாக இழுக்கும். பால் இறங்கிய பிறகு வலதுக்கு மாறுங்கள். வலதில் வைக்கவே முடியவில்லை என்றால் ஒரு நாள், ஒன்றரை நாள் அந்தப் பக்கம் வைக்காமல் கையால் பீச்சி, கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்த பாலாடையில் (குழந்தைக்குப் பால் புகட்டுகிற மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) கொடுங்கள். சும்மா விட்டுவிடக் கூடாது, பால் கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையும். புட்டிக்குப் பதில் பாலாடை ஏன் என்றால், பிடிப்பு இன்னும் பழகாத குழந்தை புட்டிக் காம்பின் பழக்கத்தை மார்பிலும் காட்ட வாய்ப்பு உண்டு. வலிக்குப் பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ பாலூட்டும்போது எடுக்கலாம், அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேளுங்கள். பாலில் ரத்தம் கலந்து இளஞ்சிவப்பாக வந்தாலோ, குழந்தை கக்கும்போது ரத்தக் கீற்று தெரிந்தாலோ பதறிவிடாதீர்கள். உங்கள் காம்பிலிருந்து வந்த ரத்தம் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது. ஹெபடைடிஸ் சி அல்லது எச்ஐவி உள்ள தாய்மார் மட்டும் ரத்தம் கசியும்போது கொடுப்பதை நிறுத்திவைத்து உடனே மருத்துவரிடம் பேச வேண்டும்.

பூஞ்சை மருந்தைப் பற்றிக் கேட்டீர்கள். எரிச்சல் என்று சொன்னவுடனே பூஞ்சை என்று முடிவு கட்டுவது ரொம்ப நாளாக நடக்கிறது. இப்போது பாலூட்டல் மருத்துவர்கள் அதை அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வதில்லை, நசுங்கிய காம்பும் தோல் ஒவ்வாமையும் அதே எரிச்சலைக் கொடுக்கும். குழந்தையின் நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் துடைத்தால் போகாத வெள்ளைப் படலம் இருந்து, உங்கள் காம்பும் பளபளப்பாகச் சிவந்து செதில் உரிந்து அரித்தால் சந்தேகப்படலாம். (நாக்கில் மட்டும் துடைத்தால் போகிற வெள்ளை, வெறும் பால் படிவு.) அப்படி உறுதியானால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் மருந்து கொடுக்க வேண்டும். நீங்கள் சொன்னதில் இந்த அறிகுறி எதுவும் இல்லை, அதனால் யாரும் பார்க்காமல் வாங்கிய அந்த மருந்தைப் போடாதீர்கள்.

உங்கள் இடது பக்க எரிச்சலில் நான் கவனிக்கச் சொல்வது நிறத்தை. குழந்தை விட்ட பிறகு காம்பு வெள்ளையாகி, பிறகு நீலம் பூத்து, அப்புறம் சிவந்து, அந்த நேரத்தில் துடிக்கிற மாதிரி எரிகிறதா? ஏசி அறையில், குளித்துவிட்டு வந்தவுடன், ஃபேனுக்கு நேராக உட்கார்ந்தால் கூடுகிறதா? அது ரத்தக் குழாய் சுருங்குவதால் வருவது. 'காற்றாட விடு, புண் ஆறும்' என்று சொல்கிற பழைய அறிவுரை இதற்கு நேர் எதிராக வேலை செய்யும். குழந்தை விட்ட உடனே உள்ளங்கையால் மூடுங்கள், இஸ்திரிப் பெட்டியில் சூடாக்கிய துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒத்தடம் கொடுங்கள், மூடிக்கொண்டு இருங்கள். பிடிப்பைச் சரிசெய்தால் இதுவும் பெரும்பாலும் குறையும். குறையவில்லை என்றால் மருத்துவர் தருகிற மாத்திரை இருக்கிறது.

காம்பு நுனியில் வெண்புள்ளி ஒன்று தெரிந்து ஊசி குத்துவது போல வலித்தால் அது பால் கொப்புளம், ஊசியால் குத்திவிடாதீர்கள், மருத்துவர் பூச்சு தருவார். பல் முளைத்த குழந்தை கடித்தால் வெடுக்கென்று பின்னால் இழுக்காமல் குழந்தையை மார்போடு அணைத்துப் பிடியுங்கள், மூக்கு லேசாக அடைபட்டதும் வாயைத் திறந்துவிடும். மாதக் கணக்கில் நன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று இரண்டு பக்கமும் கூச ஆரம்பித்தால் மாதவிடாய் திரும்புவதாலும் இருக்கலாம், மறுபடி கர்ப்பமாக இருக்கவும் வாய்ப்பு உண்டு, சோதித்துப் பாருங்கள்.

தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டியவை சில உண்டு. மார்பில் ஒரு பகுதி சிவந்து சூடாகி 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தால். வெடிப்பில் மஞ்சள் பொருக்கு கட்டினால், சீழ் வந்தால். காம்பில் கொத்தாக நீர்க் கொப்புளங்கள் வந்தால். இந்தக் கடைசியை ரொம்ப அழுத்திச் சொல்கிறேன். அது அக்கி வகை வைரஸாக இருந்தால் பச்சிளம் குழந்தையின் உயிருக்கே ஆபத்து, அந்தப் பக்கம் கொடுப்பதை நிறுத்திவிட்டு அன்றைக்கே காட்டுங்கள். ஒரு பக்கக் காம்பில் மட்டும் கரப்பான் போல அரித்து, செதில் உரிந்து, மருந்து போட்டும் வாரக் கணக்கில் ஆறவில்லை என்றால் பாலூட்டுவதால்தான் என்று விட்டுவிடக் கூடாது. அபூர்வமாக அது புற்றுநோயின் அறிகுறியாக இருக்கும், சதையெடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும்.

உங்களுக்கு இன்று இரவு வேலை இவ்வளவுதான்: பம்பைப் பெட்டியில் வையுங்கள், பக்கவாட்டுப் பிடிப்பில் இடது பக்கம் முதலில் கொடுங்கள், வலித்தால் விரல் விட்டு எடுத்து மறுபடி வையுங்கள், பத்து தடவை ஆனாலும் பரவாயில்லை. பக்கத்தில் அம்மாவை உட்கார வைத்து, கீழ் உதடு மடிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், உங்களுக்கு மேலிருந்து அது தெரியாது. மூன்று நாள் கழித்து இரண்டு விஷயம் எழுதுங்கள்: காம்பு எந்த வடிவத்தில் வெளியே வருகிறது, குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை முறை சிறுநீர் போகிறது. ஆறு முறைக்குக் குறைவாக இருந்தால் மூன்று நாள் வரை காத்திருக்காமல், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உங்கள் குழந்தை மருத்துவரிடமோ எடை பார்த்து, நாக்கையும் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள்.